கராஜ் இல்லாத கராஜ் பாண்டுகள்

போன சனிக்கிழமை மாமியின் கட்டளைப்படி ஒரு குழந்தைக் கதிரை வாங்கப் போய், நாலு இசைத்தட்டோடு திரும்பி வந்த கதை இது. கதிரை வாங்கவில்லை. அதற்கான ஏச்சு இன்னும் முடியவில்லை. (இதை ரைப் பண்ணும்போதும் மேலே குசினியிலிருந்து சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருக்கு.)

லவாலில் யூன் மாதம் வந்தால் வீதிக்கு வீதி 'வான்த் து கராஜ்' தான். கராஜ் சேல் என்று நாங்கள் சொல்கிற சாமான். யூலை 1 கியூபெக்கில் வீடு மாறும் நாள் என்பதால், அதற்கு முதலே வீட்டிலுள்ள வேண்டாததையெல்லாம் வாசலில் பரப்பி வைத்துவிடுவார்கள். நான் இருக்கிற மாமா வீடு சோமெடியில். அங்கிருந்து மூன்று வீதி தள்ளி, தலை முழுக்க வெளுத்த ஒரு பெரியவர் மடக்குக் கதிரை போட்டு இருந்தார். மேசைக்குக் கீழே ஒரு வாழைப்பழப் பெட்டி. அதற்குள் 45 சுழற்சி சின்ன இசைத்தட்டுகள். ஒன்று ஒரு டொலர்.

கிண்டத் தொடங்கினேன். லே சுல்தான், லே சின்னர்ஸ், லே க்ளாசெல், லே பரோனே, செசார் ஏ லே ரொமேன். ஒரு பெயரும் எனக்குத் தெரியாது. உறையில் இருந்த பெடியள்தான் பிடித்து நிறுத்தினாங்கள். ஒரு கோஷ்டியில் எல்லாருக்கும் வெள்ளைத் தலைமயிர், வெள்ளை உடுப்பு. இன்னொரு கோஷ்டி உரோமாபுரிக்காரர் மாதிரிப் போர்வை சுற்றிக்கொண்டு நிற்குது, எங்கட பள்ளிக்கூட மேடையில் ஜூலியஸ் சீசர் போட்டது போல.

"இவர்கள் யார்?" என்று என்ர உடைஞ்ச பிரெஞ்சில் கேட்டேன். மரியாதையாக 'வூ' போட்டுத்தான் கேட்டேன். இரண்டாவது வசனத்திலேயே அவர் 'தூ'வுக்கு இறங்கிவிட்டார். இங்கத்தைய ஆட்கள் அப்படித்தான், அது மரியாதைக் குறைவு இல்லை, கிட்ட வா என்கிற மாதிரி.

"நாங்கள்தான்," என்றார். "இந்தத் தட்டில நான் இல்லை. ஆனா இது நாங்கள்தான்."

1965 இலிருந்து 1967 வரை, பதினாறு வயதில் தொடங்கி, ஒரு கோஷ்டியில் ட்ரம்ஸ் அடித்தவராம். ஐந்து பேர். ஒரு தட்டும் வெளிவரவில்லை. பெயரை எங்கேயும் எழுதாதே என்றார், எழுதவில்லை. (இரண்டரை வருசத்தில் மூன்று தரம் பெயர் மாற்றினார்களாம். எழுதுவதென்றாலும் எதை எழுதுவது?)

"கராஜிலா பழகினீங்கள்?" என்று கேட்டேன். மனிசன் விழுந்து விழுந்து சிரித்தார். "இந்தக் குளிரில கராஜிலயோ? கை விறைச்சுப் போடும். சூ-சோல்!" என்று காலுக்குக் கீழே கையைக் காட்டினார். நிலவறை. நானும் மாமா வீட்டு நிலவறையில்தான் இருக்கிறேன் என்பதால் அந்த இடத்திலேயே எனக்கும் அவருக்கும் ஒரு சொந்தம் வந்துவிட்டது :-)

நான் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருக்கு. அமெரிக்காவின் அறுபதுகள் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாம் 'கராஜ் பாண்ட்' என்றொரு சொல்லைச் சொல்வார்கள். 1964 பெப்ரவரி 9 ஆம் திகதி எட் சலிவன் நிகழ்ச்சியில் பீற்றில்ஸ் பாடினதை ஏழு கோடிக்கு மேற்பட்ட ஆட்கள் ரீவியில் பார்த்தார்கள். அடுத்த கிழமையே ஊரூராய்ப் பெடியள் கிற்றார் வாங்கிவிட்டாங்கள். மூன்று சுரக்கட்டு தெரிந்தால் ஒரு கோஷ்டி, கார் நிற்கிற கொட்டில் பயிற்சி அறை. கராஜ் என்ற பட்டம் பிறகு மற்றவர்கள் வைத்தது. அந்தப் பெடியள் தங்களை அப்படிச் சொன்னதில்லை.

இதில் எனக்கு மிகப் பிடித்தது பீற்றில்ஸுக்கும் முந்தின கதை. 1963 ஏப்ரலில் போர்ட்லண்ட் நகரத்துக் கிங்ஸ்மென் என்ற பெடியள் ஐம்பது டொலர் மட்டில் செலவழித்து 'லூயி லூயி'யைப் பதிந்தார்கள். ரிச்சர்ட் பெரி என்ற கறுப்பினப் பாடகர் எழுதின பழைய பாட்டு. மைக்கை உயரத்தில் தொங்கவிட்டிருந்ததால் ஜாக் ஈலி அண்ணாந்து கத்த வேண்டியிருந்தது, ஒரு சொல்லும் விளங்காது. நடுவில் கிற்றார் முடிந்ததும் ஒரு இடத்தில் முந்தியே பாடத் தொடங்கி, பிழை தெரிந்து நிறுத்துகிறார். அந்தப் பிழையோடயே தட்டு வந்தது, அமெரிக்காவில் இரண்டாம் இடம் வரைக்கும் போனது. சொற்கள் விளங்காததால் ஏதோ கெட்ட பாட்டு என்று பெற்றோர் முறைப்பாடு செய்ய, எஃப்.பி.ஐ. அந்தத் தட்டை வேகம் கூட்டிக் குறைத்து எல்லாம் போட்டுக் கேட்டு, கடைசியில் ஒன்றும் விளங்கவில்லை என்று எழுதிவிட்டு மூடியது. உண்மையில் அது ஒரு கப்பல்காரன் தன் காதலியை நினைக்கிற அப்பாவிப் பாட்டு. அரசாங்கத்துக்கு இவ்வளவு வேலை வைத்த குரலுக்குச் சொந்தக்காரர், பாட்டு பிரபலமாக முதலே கோஷ்டிக்குள் சண்டைப்பட்டு வெளியில் போய்விட்டார். அதுதான் இந்தக் கோஷ்டிகளின் ஆயுள்.

இன்னொன்று மிச்சிகன் மாநிலத்துக் கோஷ்டி. பாடகர் தன் பெயரையே '?' என்று வைத்துக்கொண்டார். மிஸ்ரீரியன்ஸ் என்ற அந்தப் பெடியள், தோட்டங்களில் கூலி வேலைக்கு வந்த மெக்சிக்கக் குடும்பங்களின் பிள்ளைகள். 1966 ஒக்ரோபரில் அவர்களின் '96 ரியர்ஸ்' அமெரிக்காவின் முதலிடத்துக்கு வந்தது. பிறகு அந்த உயரத்தை அவர்கள் திரும்பவும் தொடவில்லை. மற்றக் கோஷ்டிகளில் கன பேருக்கு இது கூடக் கிடைக்கவில்லை. பாதிப்பேரைப் பல்கலைக்கழகம் கொண்டுபோனது, மிச்சப்பேரை வியட்நாம் கொண்டுபோனது. 1972 இல் லெனி கேய் 'நகெட்ஸ்' என்று இரட்டைத் தட்டில் 27 பாட்டுகளைத் தொகுத்திருக்காவிட்டால் இவர்களில் பலரை யாரும் தேடியிருக்கவே மாட்டார்கள்.

சரி, லவாலுக்கு வருவோம். (அந்த 'லவால் நகரம்' என்பதே 1965 ஓகஸ்டில், தீவிலிருந்த 14 ஊர்களை ஒன்றாக்கிச் செய்தது. அதனால் பெரியவரின் கோஷ்டியும் நகரமும் ஒரே வயது.)

மொன்றியலில் இங்கிலிஷ்காரப் பெடியளுக்கு ஒரு வழி இருந்தது. ஹோன்ரட் என்றொரு கோஷ்டி 1966 தொடக்கத்தில் ஃபோரம் அரங்கில் நடந்த போட்டியில் வென்று, '1-2-5' என்ற பாட்டைப் பதிந்தது. விலைமாது ஒருத்தியைப் பற்றிய பாட்டு என்பதால் சொற்களைக் கழுவித் திரும்பப் பதிய வேண்டி வந்தது. இப்போது கேட்டாலும் அசல் கராஜ் சத்தம். கலிபோர்னியாக் கோஷ்டி என்று சொன்னாலும் நம்புவீர்கள்.

பிரெஞ்சுக்காரப் பெடியளின் வழி வேறு. பீற்றில்ஸ் 1964 செப்ரெம்பர் 8 இல் அதே ஃபோரமில் இரண்டு காட்சி பாடிவிட்டுப் போனார்கள். (ரிங்கோவைக் கொல்லப் போவதாக மிரட்டல் வந்து, அன்று மேடையில் அவருக்குப் பக்கத்தில் ஒரு பொலிஸ்காரரை இருத்தியிருந்தார்கள்.) ஆனால் இங்கத்தைய பெடியளுக்கு இங்கிலிஷ் பாட்டின் சொல் அரைவாசி விளங்காது. பெரியவர் சொன்னது: "என்ர அக்கா மொன்றியலில ஒரு பெரிய கடையில வேலை. அவவுக்குத்தான் இங்கிலிஷ் தெரியும். ரேடியோவில பாட்டுப் போகேக்க அவ கேட்டுச் சொல்லுவா, நான் பிரெஞ்சில எழுதுவன். அவ சொல்லுறது ஒண்டு, நான் எழுதுறது வேற ஒண்டு."

அந்த அக்கா வேலை செய்த கடையில், வாங்க வருகிற ஆள் பிரெஞ்சுக்காரராக இருந்தாலும் முதலில் இங்கிலிசில்தான் பேச வேண்டுமாம். திங்கள் முதல் வெள்ளி வரைக்கும் அப்படி. சனி இரவு, கோயில் நிலவறை மண்டபத்தில் தம்பி கோஷ்டி பிரெஞ்சில் கத்தும்போது முன்வரிசையில் நின்று ஆடுவாவாம். பாதிரியார் ஒன்பதரைக்கு லைற் போடுவார், அதோடு சரி. "அவவுக்குத்தான் எங்கட கோஷ்டி கூடத் தேவைப்பட்டது," என்றார்.

வீட்டுக்கு வந்து இதை மாமாவிடம் சொன்னேன். மாமா சீனி போடாத தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே ஒரே வசனத்தில் வெட்டினார்.

"உதெல்லாம் கொப்பி, தம்பி. பீற்றில்ஸின்ர பாட்டை எடுத்துப் பிரெஞ்சில போட்டவங்கள். நாங்கள் செய்தால் களவு, உவங்கள் செய்தால் வரலாறோ?"

மாமா சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. பெட்டிக்குள் இருந்ததில் அரைவாசிக்கு மேல் மொழிமாற்றுப் பாட்டுத்தான். லே பரோனே 1964 இல் பாடிப் பெயர் எடுத்த 'சே ஃபூ, மே சே து' பீற்றில்ஸின் 'ஹோல்ட் மீ ரைற்' தான். (அந்த மூவரில் ஒருவர் ரெனே ஆஞ்சேலில். பிறகு தன் வீட்டை அடகு வைத்து ஒரு பன்னிரண்டு வயதுச் சிறுமியைப் பாட வைத்து, அவளின் மனேச்சராகி, கடைசியில் கணவராகவும் ஆனவர். சிறுமியின் பெயர் செலின் டியோன்.) லே சுல்தானின் பெரிய பாட்டான 'லா பூப்பே கி ஃபே நோன்' பிரான்சில் மிஷேல் பொல்நரேஃப் பாடினது. லே சின்னர்ஸ் 1967 இல் 'பெனி லேன்' பாட்டையே பிரெஞ்சில் பாடினார்கள். ஹோன்ரட் கூட ஜிமி ஹென்ட்ரிக்ஸின் 'பேர்ப்பிள் ஹேஸ்' பாட்டை 'வாப்பேர் மோவ்' ஆக்கிவிட்டது!

ஆனால் கொப்பியடிக்கிறதும் ஒரு வேலை, மாமா. பிரெஞ்சில் அழுத்தம் சொற்தொடரின் கடைசி அசையில் விழும். இங்கிலிசில் அப்படி இல்லை, சொல்லின் முன்பக்கம் அடித்துத் தொடங்கலாம். றொக் என்பது அந்த அடிக்கென்றே பிறந்தது. அந்தத் தாளத்துக்குள் பிரெஞ்சைத் திணிக்க, சொல்லை நசுக்க வேணும், உயிரெழுத்தை விழுங்க வேணும், வீட்டில் கதைக்கிற கொச்சையைக் கொண்டுவர வேணும். பாரிஸ் பிரெஞ்சில் பாடினால் தாளம் ஓடிவிடும். பெரியவர் மேசையில் தட்டிக் காட்டித்தான் எனக்கு இதை விளக்கினார். ஐந்து நிமிசம். ஒரு மொழியியல் விரிவுரையில் இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இந்தக் கோஷ்டிகள் பெரும்பாலும் இரண்டு, மூன்று வருசம்தான். லே சுல்தான், மொன்றியலுக்குக் கிழக்கே சென்-இயாசான்த் என்ற ஊர்ப் பெடியள். பாடகர் ப்ரூஸ் யுவாரைக் கண்டாலே பெட்டையள் மயங்கி விழுவாளவையாம். உச்சத்தில் இருக்கும்போதே 1968 தொடக்கத்தில் கலைத்துவிட்டார்கள், விடைபெற்ற கச்சேரியும் தட்டாக வந்தது. கலைகிறதுக்கு இங்கே வியட்நாம் தேவைப்படவில்லை. கலியாணம், வேலை, மானேச்சரோடு காசுச் சண்டை போதும். பெரியவரின் கோஷ்டி கலைந்தது பேஸ் கிற்றார்க்காரனின் காதலியால். அவர் ட்ரம்ஸை விற்று ஒரு பழைய செவர்லே வாங்கினார். பிறகு சென்-தெரேஸ் பக்கம் இருந்த ஜீ.எம். கார்த் தொழிற்சாலையில், அது 2002 இல் மூடும்வரை, அதே காரைச் செய்துகொண்டிருந்தார்.

அதே 1968 மே மாதம் றொபேர் ஷார்ல்புவா, 'லொஸ்தி ஷோ' என்ற நிகழ்ச்சியை மொன்றியலில் மேடை ஏற்றினார். மின்கிற்றார், கொச்சைப் பிரெஞ்சு, கத்தல், கெட்ட வார்த்தை. கியூபெக்கின் நவீன இசை அங்கேதான் தொடங்கியது என்று எல்லாரும் எழுதுகிறார்கள். அந்த ஓகஸ்டில் மிஷேல் திராம்பிளேயின் 'லே பெல்-சேர்' நாடகம் அதே கொச்சையை மேடைக்குக் கொண்டுவந்தது. சரிதான். ஆனால் அதற்கு முதலே ஐந்தாறு வருசமாக, வெள்ளை மயிரும் உரோமாபுரிப் போர்வையுமாக, எல்லாரும் சிரித்த இந்தப் பெடியள் ஒவ்வொரு சனியும் பிரெஞ்சை மின்சாரத்தில் போட்டுப் பழக்கிக்கொண்டிருந்தாங்கள் என்பதையும் எழுத வேணும் என்பது என் கட்சி. சாட்சி வேணுமென்றால், சின்னர்ஸின் பிரான்சுவா கி தான் அடுத்து 'லா ரெவொலுசியோன் ஃப்ரான்செஸ்' என்ற கோஷ்டியோடு 1969 இல் 'கெபெகுவா' என்ற பாட்டைக் கொண்டுவந்தார். 'பிரெஞ்சுக் கனடியர்' என்று தங்களைச் சொல்லிக்கொண்டிருந்த சனம் 'கெபெகுவா' என்று சொல்லத் தொடங்கின காலம் அது. பெனி லேனைக் கொப்பியடிச்ச அதே வாய்தான்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு கேள்வி வந்தது. எங்கட பக்கம் ஏன் இப்படி நடக்கவில்லை?

இந்தியாவில் கோஷ்டிகள் இல்லாமல் இல்லை. சிம்லா சிகரெட் கொம்பனி பணம் போட்டு நடத்தின 'சிம்லா பீற்' போட்டியிலிருந்து 1970, 1971 இல் இரண்டு தட்டுகள் வந்தன. கேட்டால் அசல் கராஜ் சத்தம், பாட்டெல்லாம் இங்கிலிஷ். அந்தப் பெடியளைக் குறை சொல்ல முடியாது. பெரும்பாலும் இங்கிலிஷில் படித்த கல்லூரிப் பெடியள். தமிழில் பாடியிருந்தால் எங்கே பாடுவது? தமிழ்நாட்டில் மின்கிற்றார் நேரே சினிமா ஸ்ரூடியோவுக்குள் போய்விட்டது. 1964 இலேயே 'காதலிக்க நேரமில்லை'யில் ருவிஸ்ற் வந்துவிட்டதே. திறமான கிற்றார்க்காரருக்கு அங்கே சம்பளம் இருந்தது. கோஷ்டி எதற்கு? கியூபெக்கில் மாறி நடந்ததற்குக் காரணம் வெறும் மொழிப்பற்று இல்லை. 1962 இலிருந்து 1974 வரை பத்தாம் சனலில் 'ஜனெஸ் தோஜூர்துவி' என்ற நிகழ்ச்சி ஓடியது, அது பிரெஞ்சுப் பாட்டைக் கேட்டது. சின்னச் சின்னத் தட்டுக் கொம்பனிகள் இருந்தன. கோயில் நிலவறைகள் இருந்தன. சனிக்கிழமைக்கு ஒரு இடம் இருந்தது. எங்களுக்குச் சனிக்கிழமை தியேட்டர் மட்டும்தான்.

இலங்கையில் கொஞ்சம் வேறு மாதிரி. உரும்பிராய் நித்தி கனகரத்தினம், அம்பாறை ஹார்டியில் படித்த காலத்தில் கையில் கிற்றாரோடு தொடங்கினதுதான் எங்கட பொப்பிசை. 'சின்ன மாமியே' தெரியாத ஈழத்து வீடு இருக்கா? ஏ.ஈ. மனோகரன் அதைக் கடல் தாண்டிக் கொண்டுபோனார். பறங்கியரின் பைலாத் தாளத்தில் யாழ்ப்பாணக் கதைபேச்சு எவ்வளவு சுகமாக உட்கார்ந்தது! சினிமாவுக்கு வெளியே, ஊர்க்கதையைச் சொல்லி, ஆடவும் வைத்த தமிழ்ப்பாட்டு. ஆனால் அதையும் 'கூத்தடிக்கிற பாட்டு' என்று சொல்லித்தானே வளர்ந்தோம்.

சோமெடி என்றால் கிரேக்கர் இருக்கிற இடம். பக்கத்து வீட்டுக் கிரேக்கத் தாத்தாவிடம் தட்டு போடுகிற மெசினைக் கடன் வாங்கி, இரவு நிலவறையில் சுல்தானைப் போட்டேன். மூன்றாம் தரம் போடும்போது மாமா படியிறங்கி வந்தார். சத்தத்தைக் குறைக்கச் சொல்லத்தான் வாறார் என்று நினைத்தேன். வந்து கட்டிலில் இருந்துகொண்டு, கேட்காமலே சொன்னார்.

"நாங்களும் ஐஞ்சு பேர் வைச்சிருந்தனாங்கள். எழுபத்தஞ்சு, எழுபத்தாறு. நான் பொங்கோ. ஒரு கிற்றார்தான், அதுவும் இரவல்."

"என்ன பாட்டு, மாமா?"

"நித்தியின்ர ரெண்டு பாட்டு. மிச்சமெல்லாம் ஹிந்தி."

"அப்ப கொப்பி!" என்றேன். சிரித்தார். பிறகு ஆட்களை விரல் மடித்து எண்ணினார். ஒருவர் நோர்வே. இரண்டு பேர் லண்டன். தான். ஐந்தாவது விரலை மடிக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். "அவன்தான் கிற்றார். எண்பத்தேழுக்குப் பிறகு இல்லை." அந்த ஆளின் குரல் எங்கேயும் பதிவாகவில்லை. படம் ஒன்று வீட்டில் இருந்ததாம், வீடு இப்போது இல்லை.

அடுத்த நாள் திரும்பப் பெரியவரிடம் போனேன். உங்கட கோஷ்டியின் சத்தம் எங்கேயாவது பதிந்திருக்கா என்று கேட்டேன். ஒரேயொரு முறை, 1967 இல், அவரின் அப்பாவின் ரேப் மெசினில் நாலு பாட்டுப் பதிந்தார்களாம். அந்த வசந்த காலம் ஸ்ரான்லி கோப்பை இறுதி ஆட்டம் வந்தது. அப்பா அதே ரேப்புக்கு மேலே ரேடியோ வர்ணனையைப் பதிந்துவிட்டார். மொன்றியல் ரொறன்ரோவிடம் தோற்றது. "பாட்டும் போச்சு, கோப்பையும் போச்சு," என்றார். ஐம்பத்தெட்டு வருசமோ என்னவோ, இன்னும் அப்பாவில் கோபம் இருக்கிறது போலத்தான் கிடந்தது.

படம் ஒன்று காட்டினார். கடுகு நிறத்தில் ஐந்து கோட்டு, அம்மா தைத்தது. கைநீளம் ஐந்தும் ஐந்து அளவு.

இதை வாசிக்கிறவர்களில் யாருக்காவது யாழ்ப்பாணத்திலோ, மட்டக்களப்பிலோ, கொழும்பிலோ, சென்னையிலோ அறுபது எழுபதுகளில் இப்படிக் கோஷ்டி வைத்திருந்த அப்பா, சித்தப்பா, மாமா இருந்தால் தயவுசெய்து கேட்டுப் பாருங்கள். என்ன பெயர், எங்கே பழகினார்கள், என்ன பாட்டு, யாரின் கிற்றார். படம் இருந்தால் ஸ்கான் பண்ணி வையுங்கள். ரேப் இருந்தால் அதற்கு மேலே கிரிக்கெற் பதியாதீர்கள்.

மாமிக்கு: கதிரை அடுத்த சனி, சத்தியமாய்.